விடை மட்டும் போதாது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு நோட்டுகளைச் சென்ற வாரம் ஒரு நாள் இரவு திருத்த உட்கார்ந்தோம். உபாத்தியாயர் தொழிலில் இதைக் காட்டிலும் தூக்கத்தை வரவழைக்கும் வேலை வேறில்லை என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. ஒரு வட்டிக் கணக்குக்குப் பதினொரு பிள்ளைகள், பைசாக்கூடப் பிசகாமல், ஒரே விடையை எழுதியிருந்தார்கள். பதினொன்றும் தப்பு!

மறு நாள் விசாரித்ததில் ரகசியம் வெளியாயிற்று. கடையில் விற்கும் கைப்புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கின் விடை அச்சுப் பிழையாக விழுந்திருந்தது. பதினொரு பேரும் அதைப் பார்த்து அப்படியே இறக்கி விட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் அசலையும் வட்டி விகிதத்தையும் காலத்தையும் வரிசையாக எழுதி, பெருக்கி, வகுத்து, வேறொரு விடைக்கு வந்திருந்தாள். நோட்டின் ஓரத்தில் பென்சிலால், "புஸ்தகத்தில் வேறே போட்டிருக்கிறது, சார். எனக்கு இதுதான் வருகிறது" என்று பயந்து பயந்து எழுதியும் இருந்தாள்.

அன்று முதல் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் நமக்கு அந்தப் பெண்ணின் ஞாபகமே வருகிறது. தேசத்தை ஆள்கிறவர்களும், ஆள விரும்புகிறவர்களும், இவ்விருவரைப் பற்றியும் நமக்குச் செய்தி சொல்கிறவர்களும் நாள்தோறும் பெரிய பெரிய விடைகளை நம் முன்னே வைக்கிறார்கள். வழியை மட்டும் காட்டுவதில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்து இறக்கிக்கொள்ளும் பிள்ளைகளாக நாம் இருந்தால் அவர்களுக்குச் சௌகரியந்தான். நமக்குச் சௌகரியமா என்பதே கேள்வி. மூன்று கணக்குகளை மட்டும் இந்த வாரம் போட்டுப் பார்ப்போம்.

பத்துச் சமையற்காரர்கள்

முதற் கணக்கு, சீதோஷ்ண நிலையைப் பற்றியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பூமி சூடேறி வருகிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. யந்திர யுகத்துக்கு முந்திய காலத்தைவிட 2024-ம் வருஷம் 1.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்ததென்று உலக வானிலை ஸ்தாபனம் கணித்துச் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு வழி இருக்கிறது. பல தேசங்களிலுள்ள உஷ்ணமானிகள் இருக்கின்றன. வேண்டியவர் சரி பார்க்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைத் திருநெல்வேலிச் சீமையார் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே ஒரு மழையைக் காட்டி எதையும் ஸ்தாபிக்க முடியாது. ஆனால் இப்படிப்பட்ட மழைக்கு ஆயத்தமாக இருக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு அது போதும்.

நமது சந்தேகமெல்லாம் நோயைப் பற்றியதன்று. மருந்துச் சீட்டைப் பற்றியது.

2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்திய சர்க்கார் உலகத்தாருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். 2030-க்குள் நாட்டின் மின்சார உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி முதலியவை அல்லாத வழிகளிலிருந்து கிடைக்கும்படி செய்வதாகச் சொன்னார்கள். 2025-ம் வருஷத்தின் நடுவிலேயே அந்த இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. மொத்தத் திறன் சுமார் 485 கிகாவாட். அதில் சூரியன், காற்று, நீர், அணுசக்தி எல்லாம் சேர்ந்து சுமார் 243 கிகாவாட். ஐந்து வருஷம் முன்னதாகவே பரீட்சையில் தேறியாயிற்று! பாராட்ட வேண்டிய காரியந்தான், நாமும் பாராட்டுகிறோம்.

ஆனால் "திறன்" என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். ஒரு ஹோட்டல்காரர் பத்துச் சமையற்காரர்களை வைத்திருக்கிறார். அவர்களில் ஐந்து பேர் இரவும் பகலும் அடுப்படியில் நிற்கிறவர்கள். மற்ற ஐவரில் சிலர் பகலில் மட்டும் வருவார்கள். மேகம் போட்டால் வரமாட்டார்கள். இன்னும் சிலர் ஆடி மாதத்தில் அமர்க்களமாக வேலை செய்துவிட்டு ஐப்பசியில் காணாமற் போய்விடுவார்கள். சமையற்காரர்களில் பாதிப் பேர் இவர்கள்தான் என்று ஹோட்டல்காரர் சொன்னால் அது உண்மை. சமையலில் பாதி இவர்களுடையது என்று நாம் எண்ணிக்கொண்டால் அது நம்முடைய பிசகு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாடி யந்திரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகப் புரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அந்தக் காற்று வருஷம் முழுவதும் அடிப்பதில்லை.

உண்மையில் 2023–24-ம் வருஷத்தில் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. "திறனில் பாதி" என்ற விடையும் சரி, "உற்பத்தியில் முக்கால்" என்ற விடையும் சரி. முதலாவது விடை கொட்டை எழுத்தில் விளம்பரமாகிறது. இரண்டாவது விடையைத் தேடிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

இன்னொரு வாக்குறுதியும் இருக்கிறது. தேசத்தின் வருமானத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் கரியமில வாயு முதலியவற்றின் அளவை, 2005-ல் இருந்ததைவிட நூற்றுக்கு 45 குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2020-க்குள்ளேயே நூற்றுக்கு 36 குறைந்துவிட்டதாகவும் சர்க்கார் கணக்கு. நல்லது. நமது சிநேகிதர் ஒருவர் மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கிய காலத்தில் நூற்றுக்கு இருபது வீதம் ஹோட்டலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளம் 40,000 ஆயிற்று. "இப்போது நூற்றுக்குப் பன்னிரண்டுதான், நான் எவ்வளவு சிக்கனக்காரன், பார்!" என்று மனைவியிடம் மார்தட்டினார். அந்த அம்மாள் கணக்கு நோட்டைத் திறந்தாள். முன்பு 4,000 ரூபாய். இப்போது 4,800 ரூபாய். சதவிகிதம் குறைந்தது, செலவு ஏறியது. தேசத்தின் கதையும் இதுதான். வருமானத்தோடு ஒப்பிட்டால் புகை குறைந்திருக்கிறது. மொத்தப் புகை கூடியிருக்கிறது.

இதைச் சொல்வதால் நாம் அயல் நாட்டாரின் கட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுடைய கணக்கிலும் இதே ஊழல் உண்டு. சராசரி இந்தியன் ஒருவன் பங்குக்கு வருஷத்தில் சுமார் 2 டன் கரியமில வாயு; சராசரி அமெரிக்கன் பங்குக்குச் சுமார் 14 டன். ஏழை நாடுகளுக்கு உதவியாக 2020-க்குள் வருஷந்தோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார தேசங்கள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-ல் என்று அவர்களுடைய ஸ்தாபனமே சொல்லுகிறது. வந்த சர்க்கார் பணத்திலும் பெரும் பகுதி கடன்! கடனைத் தர்மம் என்று எழுதும் கணக்குப் பிள்ளையை நமது ஊரில் எந்த மிராசுதாரும் வைத்துக்கொள்ள மாட்டார். 2024-ல் பாகூ நகரத்தில் புதுத் தொகை ஒன்று அறிவிக்கப்பட்டபோது இந்தியப் பிரதிநிதி எழுந்து ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். வழியைக் காட்டு என்று வெளியாரைக் கேட்கிற தேசம், வீட்டாருக்கும் வழியைக் காட்டவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

2070-ல் இந்தியா தன் புகைக் கணக்கை நேர்செய்துவிடும் என்று 2021-ல் கிளாஸ்கோ நகரத்தில் பிரதம மந்திரி அறிவித்தார். அந்த வருஷம் வரும்போது நமது எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஏறக்குறைய அறுபது வயது நடக்கும். வாக்குக் கொடுத்தவர்களில் அநேகமாக யாரும் பதில் சொல்ல இருக்கமாட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்களிடம் வந்து நிற்பவர்கள், ஐம்பது வருஷத்துக் கணக்கை ஐந்தைந்து வருஷங்களாக வெட்டி, "இத்தனை நிலக்கரி இந்த வருஷத்துக்குள் குறையும், குறையாவிட்டால் எங்களைக் கேளுங்கள்" என்று எழுதித் தரவேண்டாமா?

ஒரே தேர்தலும் பல தேர்தல்களும்

இரண்டாவது கணக்கு, தேர்தல் சீர்திருத்தம்.

பார்லிமெண்டுக்கும் எல்லாச் சட்டசபைகளுக்கும் ஏககாலத்தில் தேர்தல் நடத்தவேண்டும் என்று முன்னாள் ராஷ்டிரபதி ஸ்ரீ ராம்நாத் கோவிந்தின் தலைமையில் அமைந்த கமிட்டி 2024 மார்ச்சில் சிபாரிசு செய்தது. அறிக்கை 18,000 பக்கங்களுக்கு மேல். பிள்ளைகள் நோட்டில் இவ்வளவு பக்கம் வழி எழுதியிருந்தால் நாம் வேலையை ராஜிநாமா செய்திருப்போம். அதே வருஷம் டிசம்பரில் மசோதாவும் லோக்சபையில் வந்தது. கூட்டுக் கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

இந்த யோசனையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். தேர்தல் வேலைக்கென்று பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வாக்காளர் ஜாப்தாவையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போகிற ஜாதி நாம். அடிக்கடி தேர்தல் வந்தால் பாடங்கள் நிற்பதும், நடத்தை விதிகளின் பேரால் காரியாலயங்களில் காகிதங்கள் நிற்பதும் நமக்குத் தெரியாதவை அல்ல. ஆகையால் விடையைத் தள்ளாமல் வழியைப் பார்ப்போம்.

"முன்பு இப்படித்தான் நடந்தது" என்கிறார்கள். வாஸ்தவம். 1951–52, 1957, 1962, 1967 ஆகிய தேர்தல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே நடந்தன. அதை யாரும் சட்டம் போட்டு நடத்தவில்லை. குடியரசு அப்போதுதான் புறப்பட்ட வண்டியாகையால் சக்கரங்கள் ஒன்றாகச் சுழன்றன. 1967-க்குப் பிறகு சில ராஜ்யங்களில் மந்திரி சபைகள் கவிழ்ந்தன, சட்டசபைகள் கலைந்தன, லோக்சபையும் காலத்துக்கு முன்பே கலைக்கப்பட்டு 1971-ல் தேர்தல் வந்தது. மந்திரி சபை இனிமேல் கவிழாது என்று எந்தச் சட்டமும் உத்தரவாதம் தர இயலாது.

கவிழ்ந்தால் என்ன செய்வது? மசோதா சொல்லும் பரிகாரம் இது: நடுவில் தேர்தல் நடத்தலாம், ஆனால் புதிய சபைக்கு ஐந்து வருஷம் கிடையாது, மிச்சமிருக்கும் காலம் மட்டும். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு சபை மூன்றாம் வருஷ முடிவில் கலைகிறது. இன்றைய முறையில் அப்போது ஒரு தேர்தல். பிறகு எட்டாம் வருஷம் வரையில் தேர்தல் இல்லை. புது முறையில் மூன்றாம் வருஷம் ஒரு தேர்தல். ஐந்தாம் வருஷம் மறுபடியும் ஒரு தேர்தல். தேர்தலைக் குறைப்பதற்காக வந்த சட்டம், இந்த இடத்தில் ஒரு தேர்தலைக் கூட்டி வைக்கிறது!

"பணம் மிச்சமாகும்" என்கிறார்கள். யாருடைய பணம்? சர்க்கார் கஜானாவின் செலவு வேறு. கட்சிகளும் அபேக்ஷகர்களும் இறைக்கிற செலவு வேறு. பெரிய ராஜ்யங்களில் லோக்சபை அபேக்ஷகர் ஒருவர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக்கூடாதென்று 2022 முதல் விதி உண்டு. அவருடைய கட்சி எவ்வளவு செலவழிக்கலாம்? அதற்கு வரம்பே கிடையாது. முன் வாசலுக்குப் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது. சிக்கனத்தில் மெய்யான அக்கறை இருந்தால் அந்தக் கொல்லைக் கதவை முதலில் சாத்தலாம்.

கொல்லைக் கதவு என்றதும் தேர்தல் பத்திரங்கள் ஞாபகம் வருகின்றன. 2018 முதல், கட்சிகளுக்குப் பணம் கொடுப்பவர் பெயர் ஜனங்களுக்குத் தெரியாதபடி பாங்கியில் பத்திரம் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு நடந்து வந்தது. "கறுப்புப் பணம் ஒழியும்" என்பது அப்போது சொல்லப்பட்ட விடை. பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்பனையாயின. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாக இந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதம் ஜாப்தா வெளியாயிற்று. மத்தியில் ஆளும் கட்சிக்கே பெரும் பங்கு போயிருந்தது. ஆனால் எதிர்க் கட்சிகள் இதைக் காட்டி அதிகமாகத் துள்ள முடியவில்லை. அவரவர் ஆளும் ராஜ்யத்தில் அவரவரும் கை நீட்டியிருந்தார்கள். தமிழ்நாடும் விலக்கன்று. பத்திரம் வாங்க மறுத்து வழக்கும் தொடுத்த பெருமை மார்க்ஸிஸ்டுக் கட்சிக்கு உண்டு; அவர்களுடைய மற்றக் கொள்கைகளை ஒப்பாதவர்களும் இதை ஒப்பத்தான் வேண்டும்.

எதிர்த் தரப்பாரையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். தோற்ற இடத்தில் வோட்டு யந்திரம் மோசம் செய்தது. ஜெயித்த இடத்தில் ஜனநாயகம் ஜெயித்தது! ஒவ்வொரு சட்டசபைத் தொகுதிப் பரப்பிலும் ஐந்து சாவடிகளின் காகிதச் சீட்டுகளை எண்ணி யந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. அது போதாது, இன்னும் அதிகமாக எண்ணுங்கள் என்று கேட்பது நியாயம். ருசு இல்லாமல், தோற்ற அன்று மட்டும் மோசடி என்று கத்துவது, மார்க்குக் குறைந்தால் வாத்தியாரைக் குறை சொல்லும் பிள்ளையின் காரியம்.

மெய்யாகச் சீர்திருத்த வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஜெயித்தவர் யாரும் வாய் திறப்பதில்லை. 2014 லோக்சபைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அண்ணா தி. மு. க. நூற்றுக்கு 44 வாக்குப் பெற்று 39-ல் 37 இடங்களைப் பிடித்தது. நூற்றுக்கு 23-க்கு மேல் வாக்குப் பெற்ற தி. மு. க.வுக்குக் கிடைத்த இடம் பூஜ்யம். பத்து வருஷம் கழித்து 2024-ல் தி. மு. க. கூட்டணி நூற்றுக்கு சுமார் 47 வாக்குப் பெற்று 39-ஐயும் வாரிக்கொண்டது. மற்ற 53 பேரின் வாக்குக்கு ஓர் இடமும் இல்லை. அன்று அழுதவர் இன்று சிரித்தார். இன்று அழுகிறவர் அன்று சிரித்தவர். லோக்சபையில் சில இடங்களைக் கூட்டி, அவற்றைக் கட்சிகள் பெறும் வாக்கு வீதப்படி நிரப்பலாம் என்று சட்டக் கமிஷன் 1999-லேயே யோசனை சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையைத் தூசி தட்டிப் பார்க்க எந்தச் சர்க்காருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வாயிலில் நின்று கேட்ட ஜோசியம்

மூன்றாவது கணக்கு, நமது சொந்த ஜாதியாரைப் பற்றியது; அதாவது பத்திரிகைக்காரரையும் டெலிவிஷன்காரரையும் பற்றியது.

2024 ஜூன் 1-ந் தேதி மாலை கடைசிக் கட்ட வாக்குப் பதிவு முடிந்ததும், சாவடி வாயிலில் வாக்காளரை விசாரித்து எடுத்த கணிப்புகள் என்று சொல்லிப் பல டெலிவிஷன்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. 400-ஐத் தொட்டவர்களும் உண்டு. 3-ந் தேதி பங்குச் சந்தை ஆகாயத்தில் ஏறியது. 4-ந் தேதி எண்ணிப் பார்த்தால் கூட்டணிக்கு 293. பாரதீய ஜனதாக் கட்சிக்குத் தனியாக 240. சந்தை அன்று ஒரே நாளில் நூற்றுக்கு ஆறு வீதத்துக்கு அருகே விழுந்தது. ஜோசியம் பலிக்காத ஜோசியர்கள் மறு வாரமே அதே ஆசனத்தில் அமர்ந்து வேறு ஜோசியம் சொல்லத் தொடங்கினார்கள். அந்த இரண்டு நாளில் அவர்களை நம்பிப் பங்கு வாங்கின குடும்பஸ்தருக்குத்தான் மறுபடி உட்கார ஆசனமில்லை.

கணிப்புத் தவறுவது குற்றமன்று. எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்த ஊர்களில் கேட்டார்கள், வாக்கு வீதத்தை எப்படி இடங்களாக மாற்றினார்கள், செலவு யாருடையது என்று விவரமாகச் சொல்லாமல், மூன்று இலக்கத்தை மட்டும் வர்ணத்தில் காட்டியதே குற்றம்.

பாரபட்சம் என்பது பொய் எழுதுவதில் மட்டும் இல்லை. 2009 தேர்தலில் அபேக்ஷகர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போட்ட வழக்கத்தைப் பற்றி பிரெஸ் கவுன்சில் ஒரு சிறு கமிட்டி வைத்து விசாரித்தது. கமிட்டி பத்திரிகைகளின் பெயர்களோடு அறிக்கை எழுதியது. கவுன்சில் 2010-ல் முதலில் பெயர்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தை வெளியிட்டது. தகவல் கமிஷன் உத்தரவிட்ட பிறகு 2011-லேதான் முழு அறிக்கை வெளிவந்தது. ஊர் வழக்குகளையெல்லாம் பேசுகிற பஞ்சாயத்து, தன் வீட்டு வழக்கு வந்தபோது தொண்டையைக் கனைத்துக் கொண்டது. செய்திக்குக் கொடுத்த காசைத் தேர்தல் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேசத்துச் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் 2011-ல் மூன்று வருஷத்துக்குத் தகுதி இழந்தார். வாங்கினவர்கள் யாரும் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

காசு வாங்காமலும் பாரபட்சம் வரும். மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்கார்களும் பத்திரிகைகளுக்குப் பெரிய விளம்பரதாரர்கள். படியளக்கும் கையைக் கடிக்கும் தைரியம் எல்லோருக்கும் வராது. தமிழ்நாட்டிலோ பெரிய கட்சிகளைச் சார்ந்து தனித் தனியே டெலிவிஷன்கள் இருக்கின்றன. ஒரே நாளில் நடந்த ஒரே கூட்டத்துக்கு ஒன்றில் ஜன சமுத்திரம் திரளும். மற்றொன்றில் காலி நாற்காலிகள் தெரியும்.

வெளி நாட்டார் போடும் மார்க்கையும் இதே கண்ணால்தான் பார்க்கவேண்டும். எல்லையற்ற நிருபர்கள் என்ற பிரெஞ்சு ஸ்தாபனம் 2025-ல் பத்திரிகைச் சுதந்திரத்தில் 180 தேசங்களில் இந்தியாவுக்கு 151-வது இடம் கொடுத்தது. சர்க்கார் தரப்பார் இதைச் சதி என்கிறார்கள். எதிர்த் தரப்பார் வேதம் என்கிறார்கள். நிருபர்கள், ஆராய்ச்சியாளர் முதலியோரிடம் கேள்வித் தாள் கொடுத்து வாங்கும் பதில்களும், நிருபர்களுக்கு நேர்ந்த துன்பங்களின் எண்ணிக்கையும் சேர்ந்த கணக்கு அது. அபிப்பிராயங்களின் கூட்டலை உஷ்ணமானியின் அளவாக நினைக்கலாகாது. அதற்காக, சிறைக்குப் போன நிருபர்களின் எண்ணிக்கையைக் கற்பனை என்று தள்ளவும் கூடாது. கணக்கின் எந்தப் பகுதி எண்ணிப் பார்த்தது, எந்தப் பகுதி எண்ணத்தில் பட்டது என்று பிரித்துப் பார்ப்பதே விவேகம்.

நம்மையும் விட்டுவிடக்கூடாது. விளம்பரம் இல்லாமல் எந்தப் பத்திரிகையும் நடவாது. அபிப்பிராயம் இல்லாத உபாத்தியாயரும் கிடையாது. இந்தப் பக்கத்தில் நாம் கொடுத்திருக்கும் எண்களையும் நேயர்கள் சரி பார்க்கவேண்டும். பிசகு கண்டால் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை வருத்தத்தோடு அல்ல, மரியாதையோடு படிப்போம்.

ஒரு சின்ன அறையில்

"இப்படி எல்லாவற்றையும் சந்தேகித்தால் எதைத்தான் நம்புவது?" என்று வீட்டில் நம்மைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லோரும் திருடர்கள் என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்வது சுலபம். அது சந்தேகமன்று, சோம்பல். திருடுகிறவர்களுக்கு அதைவிடச் சகாயம் வேறில்லை.

நாம் நம்புகிற ஒன்று உண்டு. தேர்தல் வேலையில் பல முறை சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறோம். வாக்குப் பதிவு முடிந்ததும் கதவைச் சாத்தி, 17-சி என்ற பாரத்தில், ஜாப்தாவில் இத்தனை பேர், வந்தவர் இத்தனை பேர், யந்திரம் காட்டும் வாக்கு இத்தனை என்று எழுதவேண்டும். அங்கே இருக்கும் எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் அதன் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக் கொள்ளவேண்டும். பகலெல்லாம் முறைத்துக்கொண்டிருந்த ஏஜெண்டுகள் அப்போது ஒரே மேஜையைச் சுற்றி நின்று, ஒரே எண்ணை உரக்கப் படித்து, ஒப்புக்கொண்டு போவார்கள். வியர்வையும் கொசுக்கடியும் நிறைந்த அந்தப் பள்ளிக்கூட அறையில் குடியரசு தன் கணக்கை வழியோடு காட்டுகிறது.

ஆனால் 2024 தேர்தலில் இதே எண்களைத் தேசம் முழுவதற்கும் கூட்டி வெளியிடும்படி கேட்டபோது, தேர்தல் கமிஷன் முதலில் சதவிகிதத்தை மட்டும் கொடுத்தது. கேள்வி கோர்ட்டு வரையில் போயிற்று. தொகுதிவாரியாக வாக்கு எண்ணிக்கை, முதல் ஐந்து கட்டங்களுக்கு, மே 25-ந் தேதிதான் வெளிவந்தது. வந்த பிறகு வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. முதல் நாளே கொடுத்திருந்தால் அத்தனை சந்தேகம் முளைத்திராது. சின்ன அறையில் செய்ய முடிந்ததை டில்லியில் செய்ய முடியாதா என்பதே, சீதோஷ்ணமானாலும் தேர்தலானாலும் செய்தியானாலும், நாம் கேட்கும் ஒரே கேள்வி.

அந்தப் பெண்ணின் நோட்டுக்கு முழு மார்க்குப் போட்டு வகுப்பில் எல்லோருக்கும் காட்டினோம். பதினொரு பேரில் ஒரு பையன் எழுந்தான். "சார், அச்சுப் புஸ்தகத்திலேயே தப்பு இருக்குமா?" என்று, உலகமே பிரண்டுவிட்டது போல் கேட்டான்.

"இருக்கும், அப்பா" என்றோம். "அதற்காகத்தான் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்."